செம்பருத்திக்கு ஸ்டாக்கிங் தேவையா, ஒரே கிளிக் போதுமா?

ஒற்றைக்கிளிக்:
பூவை மிக நெருங்கி எடுத்த மேக்ரோ படம் ஒன்று போட்டால் போதும், "எத்தனை ஃப்ரேம் ஸ்டாக்?" என்று நாலு பேர் கேட்டுவிடுகிறார்கள். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல ஃப்ரேம் எடுத்து, தெளிவான பகுதிகளை ஒரே படமாகச் சேர்ப்பதுதான் ஸ்டாக்கிங்; தோட்டத்துச் செடிக்கு அது வெட்டி வேலை என்பது என் கட்சி. கேனான் பாடி, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், 1:1 (பூவின் அளவே சென்சாரிலும் விழும்), எஃப்/16 (லென்ஸ் துளையின் அளவு; எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்), 1/200, ஐஎஸ்ஓ 200, மேனுவலில் 1/8 பவர் ஃபிளாஷ், முன்னால் ட்ரேசிங் பேப்பர். ஃபோகஸ் வளையத்தை 1:1-ல் வைத்துவிட்டு அதைத் தொடவே கூடாது. உடம்பை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து, சூலகமுடி தெளிவாகும் நொடியில் அமுக்க வேண்டும். ஆறு கிளிக்கில் ஒன்று தேறும். 1/8 பவரில் ஃபிளாஷ் மின்னும் நேரம் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் என்பதால் கை நடுக்கம் படத்தில் வராது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அடுக்குப்படம்:
என்ன வேண்டுமா? கூர்மை வேண்டும். 1:1-ல் எஃப்/16 வைத்தால் உள்ளபடி அது எஃப்/16 இல்லை. எண்ணை (1 + உருப்பெருக்கம்) ஆல், அதாவது இங்கே 2 ஆல் பெருக்கணும், அப்போ எஃப்/32. அந்தத் துளையில் ஒளி வளைந்து ஒரு புள்ளியே வட்டாகப் பரவும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே விளிம்பு விளைவுதான். அதற்குப் பெயர் ஏரி வட்டு (குளம், ஏரி இல்லைங்க, ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர்). பச்சை ஒளிக்கு எஃப்/32-ல் அதன் விட்டம் சுமார் 43 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சல் 4 மைக்ரான் கூட வராது. பதினோரு பிக்சல் அகலத்துக்கு ஒரு புள்ளி! செம்பருத்தி மகரந்தத்தூள் வெறுங்கண்ணுக்கே தெரியும் பெரிய உருண்டை, மேலெல்லாம் முள். அந்த முள்ளெல்லாம் உங்க படத்தில் கரைஞ்சு போயிடும். எஃப்/5.6-ல் (உள்ளபடி எஃப்/11) ஸ்டாக் போட்டால் வட்டு 15 மைக்ரான்தான்.

ஒற்றைக்கிளிக்:
கணக்கு சரி. ஆனால் படத்தை எங்கே பார்க்கிறார்கள்? 6000 பிக்சல் அகலப் படத்தை 1080-க்குச் சுருக்கி போனில் பார்க்கிறார்கள். உங்கள் பதினோரு பிக்சல் அங்கே இரண்டாகிவிடும். யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? அதே சமயம் எஃப்/5.6-ல் தெளிவு ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம்) அரை மி.மீ.கூடத் தேறாது. நாற்பது ஃப்ரேம் எடுத்து முடிப்பதற்குள் காற்று பூவை நாற்பது இடத்துக்குக் கொண்டுபோயிருக்கும்.

அடுக்குப்படம்:
அதனால்தான் செடியிலேயே வைத்து ஸ்டாக் பண்ணாதீங்க என்கிறோம். காம்போடு வெட்டி, சின்ன பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகி, வாயில் பஞ்சை அடைச்சு நிறுத்தணும். ஃபேனை அணைக்கணும். பத்து நிமிஷம் சும்மா விடணும், ஏன்னா வெட்டின காம்பு தண்ணீர் ஏற ஏறத் தலையைத் தூக்கும். பூ மாலைக்குள் வாடிவிடும் என்பதால் காலையிலேயே வேலையைத் தொடங்கணும்.

அப்புறம் கணக்கு. ஏபிஎஸ்-சி, 1:1, எஃப்/5.6: தெளிவு ஆழம் சுமார் 0.45 மி.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறணும் என்பதால் கேமரா நிற்கும் ரெயிலை (திருகினால் நகரும் தாங்கி) 0.3 மி.மீ. மட்டும் நகர்த்துங்க. சூலகமுடியிலிருந்து பின்னாடி உள்ள மகரந்தப்பை வரை 12 மி.மீ. என்றால் 40 ஃப்ரேம். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூணும் மேனுவல், லென்ஸின் ஆட்டம் தடுப்பி ஆஃப், ஷட்டருக்கு 2 நொடி டைமர். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் சிவப்பு மாறி, சேர்த்த படத்தில் இதழ் திட்டுத் திட்டாக நிற்கும்.

ஒற்றைக்கிளிக்:
ஒன்றன் முன் ஒன்றாக நிற்கும் மகரந்தத்தாள்களைச் சுற்றி வரும் அந்த மங்கல் ஒளிவட்டம்? அதைப் பற்றி மூச்சே விடவில்லையே!

அடுக்குப்படம்:
வரும், மறுக்கலை. பின்னால் இருக்கிற தாளை ஃபோகஸ் பண்ணும்போது முன்னால் இருப்பது ஊதிப் பெருத்து அதை மறைக்குது. அந்த மறைந்த இடத்துக்கு எந்த ஃப்ரேமிலும் தெளிவான தகவல் கிடையாது, சாஃப்ட்வேர் என்ன செய்யும்? ஜெரீன் என்ற ஸ்டாக் சாஃப்ட்வேரில் டிமேப் முறை இந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமான இடத்தில் தடுமாறும். அதிலேயே உள்ள இன்னொரு முறை பிமேக்ஸ் சமாளிக்கும், ஆனால் நாய்ஸும் கான்ட்ராஸ்டும் ஏறும். இரண்டையும் தனித்தனியாக ஓட்டி, டிமேப் படத்தின் மேல் தாள்கள் இருக்கும் இடத்தை மட்டும் பிமேக்ஸிலிருந்து தீட்டணும். எஃப்/8-க்குப் போனாலும் ஊதல் குறையும்.

தும்பை:
இருவரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். அடுக்குப்படம், உங்கள் பாடி எது?

அடுக்குப்படம்:
நிக்கான். 105 மி.மீ. மைக்ரோ, அதாவது மேக்ரோ லென்ஸ். ஏன்?

தும்பை:
அப்படியானால் பாதிச் சண்டை எண்ணைப் பற்றியது. அந்த 105-ல் 1:1-க்குப் போய் எஃப்/2.8 வைத்துப் பாருங்கள், முடியாது. திரையில் எஃப்/4.8 என்று நிற்கும். நிக்கான் இந்த லென்ஸ்களுக்கு உள்ளபடியான எண்ணையே காட்டுகிறது. கேனான் லென்ஸில் பொறித்த எண்ணைக் காட்டிவிட்டு, பெருக்கும் வேலையை நமக்கு விட்டுவிடுகிறது. ஆக, ஒற்றைக்கிளிக்கின் எஃப்/16 உண்மையில் எஃப்/32, தெளிவு ஆழம் சுமார் 1.3 மி.மீ. உங்கள் திரையில் தெரியும் எஃப்/16 உண்மையிலேயே 16, ஆழம் அதில் பாதி. நீங்கள் சொன்ன 5.6 திரையில் பார்த்த எண் என்றால், ஆழம் 0.45 இல்லை, 0.22 மி.மீ.தான். 0.3 மி.மீ. நகர்த்தினால் நடுவில் மங்கல் பட்டை விழும்.

அடுக்குப்படம்:
அட! முன்பக்கத்து இதழில் வரிவரியாக வருவது அதனாலயா? ரெயில் திருகில் இடைவெளி இருக்குன்னு இவ்வளவு நாள் அதைப் போய்த் திட்டிட்டிருந்தேன். சரி, திரையில் எஃப்/11 வச்சால் என் பழைய கணக்கு பொருந்தும்.

ஒற்றைக்கிளிக்:
என் பக்கமும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எஃப்/32 சற்று அதிகம். லென்ஸில் எஃப்/11 வைத்தால் உண்மையில் 22, ஆழம் 0.9 மி.மீ., ஃபிளாஷும் 1/8-க்குப் பதில் 1/16 பவரில் முடிந்துவிடும். ஆனாலும் தோட்டத்தில் ஒரே கிளிக்தான்.

தும்பை:
ஃபிளாஷ் அசைவை உறைய வைக்கும், ஃபோகஸைத் திருத்தாது. ஆழம் 0.9 மி.மீ. இருக்கும்போது காற்று பூவை 2 மி.மீ. முன்னே தள்ளினால், உறைந்த மங்கல்தான் கிடைக்கும். துணி கிளிப்பைக் கம்பியில் கட்டி, கம்பியை மண்ணில் குத்தி, பூவுக்கு நாலு விரல் கீழே காம்பைப் பிடிக்க விடுங்கள். கிளிப்பின் பல்லுக்கு நடுவில் ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் காம்பு நசுங்கும். பின்னணி கரியாக வராமல் இருக்கவும் வழி இருக்கிறது: ஃபிளாஷ் ஒளி தூரம் இரட்டித்தால் கால்பங்காகிவிடும், அதனால் பூவுக்குப் பின்னே ஒரு சாண் தள்ளி அகல இலை ஒன்றை நிறுத்துங்கள். ஒரு கிளிக்கில் எல்லாம் தெளிவாக வேண்டுமென்றால் தட்டையான பொருளைத் தேடுங்கள். அரசிலை நரம்புக்கு எதற்கு ஸ்டாக்? கண்ணாடியில் ஒட்டி, பின்னால் வெள்ளைத் தாளும் எல்இடியும் வைத்து, சென்சாரை இலைக்கு இணையாக நிறுத்தினால் லென்ஸில் எஃப்/5.6 போதும்.

திருப்பிப்போட்ட50:
நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும் அண்ணன்மாரே. மேக்ரோ லென்ஸ் இல்லாதவங்களும் இங்க இருக்கோம். 50 மி.மீ. லென்ஸை ரிவர்ஸ் ரிங்குல தலைகீழா மாட்டினா ஏறக்குறைய 1:1 வருது. கேமராவோட வந்த கிட் லென்ஸை 18 மி.மீ.ல வச்சுத் திருப்பினா அதுக்கு மூணு மடங்குக்கு மேல. உப்புக்கல், தீக்குச்சித் தலை, பால்பாயின்ட் பேனா முனை, எல்லாத்துக்கும் இது தாராளம். ஸ்டாக் பண்ணாம இதுல ஒண்ணும் தேறாது, மூணு மடங்குல ஆழம் முடி அளவுதான். ஆனா பேனா முனை காத்துல ஆடாதே!

தும்பை:
நல்ல வழி தம்பி. அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸாக இருந்தால் தொல்லையில்லை. கேனான் ஈஎஃப் லென்ஸ் என்றால் நேராக மாட்டியிருக்கும்போதே எஃப்/8 வைத்து, டெப்த் பிரிவ்யூ பொத்தானை அழுத்தியபடியே கழற்றுங்கள், துளை அப்படியே நிற்கும். பின்பக்கக் கண்ணாடி இப்போது வெளியே திரும்பியிருக்கிறது, பேனா முனை உரசிவிட்டால் போச்சு. பொருளுக்கும் லென்ஸுக்கும் நாலரை செ.மீ.தான் இடைவெளி. மேலிருந்து வரும் விளக்கை லென்ஸே மறைக்கும், பக்கவாட்டில் வையுங்கள்.

அடுக்குப்படம்:
அப்போ ஆடாத பொருளுக்கு ஸ்டாக், ஆடுற பொருளுக்கு கிளிக்குன்னு முடிச்சிடலாமா?

ஒற்றைக்கிளிக்:
முடிக்க முடியாது. பூவை வெட்டி பாட்டிலில் வைப்பதை நான் தோட்டப் படம் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

தும்பை:
அந்தச் சண்டை தீராது. எண் சண்டையைத் தீர்க்கலாம். எஃகு ஸ்கேல் ஒன்றை 45 டிகிரி சாய்த்து வைத்து, 1:1-ல், நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து, எஃப்/5.6-லிருந்து 22 வரை ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுங்கள். எத்தனை கோடு தெளிவு என்று எண்ணி 0.7-ஆல் பெருக்கினால் உங்கள் லென்ஸின் ஆழம் மி.மீ.யில் கிடைக்கும். நடுக்கோட்டின் ஓரத்தை 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் எந்தப் படியில் கூர்மை உடைகிறது என்றும் தெரிந்துவிடும். அரை மி.மீ. கோடுள்ள ஸ்கேலாக எடுங்கள், அப்போது 0.35-ஆல் பெருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், அதில் கோடே கால் மி.மீ. தடிமனாக இருக்கும்.