ஸ்டுட்கார்ட் போகிறேன்: முட்டையும் சாப்பிடாத சைவத்துக்கு ஜெர்மனியில் என்ன வழி?

நெக்கர்க்கரை_புதுசு

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில ஸ்டுட்கார்ட்ல முதுகலை சேரப் போறேன். மாணவர் விடுதி, ஒரு மாடிக்கு ஒரே சமையலறை. கறி, மீன், முட்டை மூணும் கிடையாது. பால், தயிர், நெய் உண்டு.

பாக்கெட்ல வெஜிடேரியன்னு போட்டிருந்தா தாராளமா வாங்கலாம்னு ஒருத்தர் சொல்றார், நம்பவே நம்பாதேன்னு இன்னொருத்தர் சொல்றார். லேபிள்ல எதைப் பார்க்கணும்? வெளியே சாப்பிட்டா எதுல மாட்டிக்குவோம்? ரெண்டு பெட்டி, தலா 23 கிலோ. அதுல எதைக் கொண்டு போகலாம், எதை அங்கேயே வாங்கிக்கலாம்? தெரிஞ்சவங்க விவரமா சொன்னா உதவியா இருக்கும்.

லேபிள்_வாசகன்

ரெண்டு பேர் சொன்னதிலயும் பாதி சரி. ஜெர்மனியில சைவம் என்றால் முட்டை அதில் அடக்கம். அதனால 'வெகெட்டாரிஷ்'னு இருந்தா கறி, மீன், ஜெலட்டின் இல்லைன்னு எடுத்துக்கலாம், முட்டையைத் தனியாப் பார்க்கணும். 'வேகன்'னு இருந்தா முட்டையும் இல்லை, யோசிக்காம எடுக்கலாம். மஞ்சள் வட்டத்துல இலையோட இருக்கிற வி-லேபிள் முத்திரையிலும் இந்த ரெண்டு வகையும் உண்டு. முத்திரைக்குக் கீழே எந்தச் சொல் இருக்குன்னு பாருங்க.

அடுத்தது பொருள்பட்டியல். 'ட்சூட்டாட்டன்'னு ஆரம்பிக்கும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ எடுப்பா காட்டியே ஆகணும். முட்டை, மீன், இறால் வகை, பால் எல்லாம் அந்த 14-ல வரும். பன்றிக் கொழுப்பு, மாட்டு ஜெலட்டின், கோழிச்சாறு வராது. நிறைய பேர் சறுக்குவது இங்கேதான்: தடித்த எழுத்தை மட்டும் மேய்ந்துவிட்டு, சாதா எழுத்துல இருக்கிற 'ஸ்பெக்' (உப்பிட்ட பன்றிக் கொழுப்பு), 'ஷ்மால்ட்ஸ்' (உருக்கிய கொழுப்பு, பெரும்பாலும் பன்றி), 'ஜெலட்டீனே' மூணையும் விட்டுடறாங்க. சிவப்பு நிறத்துக்குப் போடுற 'கார்மின்', அதாவது இ120, பூச்சியிலிருந்து எடுப்பது. அதுக்கும் தடித்த எழுத்து கிடையாது.

முட்டைக்கு 'ஐ', 'ஃபோல்ஐ', 'ஐகெல்ப்', 'ஹ்யூனர்ஐவைஸ்'னு பல பேர். ஆனா சத்து அட்டவணையில 'ஐவைஸ் 9 கிராம்'னு இருந்தா அது புரதம், முட்டை இல்லை. அதைப் பார்த்துப் பருப்புப் பாக்கெட்டைத் திருப்பி வெச்சுடாதீங்க. 'ஷ்பூரன்'னு முடிவுல ஒரு வரி வந்தா அது ஒவ்வாமை உள்ளவங்களுக்கான எச்சரிக்கை. அதே ஆலையில முட்டை கையாளப்படுதுன்னு அர்த்தம், இதுல சேர்த்திருக்குன்னு இல்லை.

பாலாடைக்கட்டிதான் சிக்கலானது. கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கிற 'லாப்' என்கிற நொதியைப் போட்டுப் பாலைத் திரிப்பது பழைய முறை. பால், உப்பு, நொதி, நுண்ணுயிர் மட்டும் சேர்ந்த கட்டிக்குப் பொருள்பட்டியலே போட வேண்டியதில்லைன்னு சட்டத்துல விலக்கு இருக்கு. அதனால லேபிள் மௌனமா இருந்தா 'இல்லை'ன்னு அர்த்தம் பண்ணிக்கக் கூடாது. 'மிக்ரோபியெல்லஸ் லாப்' (நுண்ணுயிரிலிருந்து எடுத்த நொதி)னு அச்சிட்டிருக்கணும், இல்லை வி-லேபிள் இருக்கணும். இத்தாலியக் கட்டிகளான பார்மிஜானோ ரெஜ்ஜானோ, க்ரானா படானோ ரெண்டுக்கும் விலங்கு நொதி கட்டாயம்னு அவற்றின் தயாரிப்பு விதியிலேயே இருக்கு. பாட்டில்ல வர்ற பச்சை பெஸ்டோவில் (பாஸ்தாவுக்கான இலைச் சாஸ்) பெரும்பாலும் இதுல ஒண்ணு இருக்கும். வேகன் பெஸ்டோ எடுத்துக்குங்க.

பாஸ்தாவில் காய்ந்த இத்தாலிய வகை வெறும் ரவையும் தண்ணியும்தான். குளிர்பெட்டியில இருக்கிற ஈரப் பாஸ்தாவுல முட்டை இருக்கும்.

ரூர்_மரக்கறி

தம்பி, கடையளைப் பற்றி நான் சொல்லுறன். ஜெர்மனியிலை கன பெரிய நகரங்களிலை எங்கடை இலங்கைத் தமிழ் ஆக்களின்ரை கடை இருக்கு. 'இந்தியக் கடை' எண்டு மட்டும் தேடாதேங்கோ, 'தமிழ்க் கடை', 'ஏசியா கடை' எண்டும் தேடுங்கோ. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழைக்காய், கீரை எல்லாம் விமானத்திலை வாறது. எந்தக் கிழமை சாமான் இறங்கும் எண்டு கடைக்காரரிட்டைக் கேட்டு வைச்சுக்கொண்டு அண்டைக்கோ அடுத்த நாளோ போங்கோ. மூண்டு நாள் கழிச்சுப் போனால் வாடினதுதான் மிஞ்சும், விலை மட்டும் அதேதான்.

கறிவேப்பிலையைக் கழுவி, துணியிலை ஈரம் போக உலர்த்தி, காம்பிலையிருந்து உருவி டப்பாவிலை போட்டு உறைபெட்டியிலை வையுங்கோ. மாதக்கணக்கிலை இருக்கும். எடுத்து இளக விடாமல் நேரே எண்ணெயிலை போட வேணும், இளகினால் கறுத்துப் போகும். துருவின தேங்காய்ப்பூ, வெட்டின முருங்கைக்காய் ரெண்டும் உறைய வைச்சதே போதும். முழுத் தேங்காய் வாங்கினால் உள்ளுக்கை பழுதாய் இருக்கிறது வழக்கம்.

இலங்கைச் சாமான் வாங்கேக்கை ரெண்டு இடத்திலை கவனம். போத்தலிலை வாற சீனிச் சம்பல், கட்டைச் சம்பலிலை மாசிக் கருவாடு சேர்ப்பினம். மாசி இல்லாததும் இருக்கு, போத்தலைத் திருப்பிப் பாருங்கோ. மற்றது மரக்கறி ரோல்ஸ். உள்ளுக்கை உருளைக்கிழங்குதான், ஆனால் முட்டையிலை தோய்ச்சுத்தான் பாண் (ரொட்டி) தூளிலை பிரட்டுறது. 'மரக்கறி' எண்டு எழுதியிருக்கிறது உள்ளீட்டைப் பற்றித்தான்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் உங்களுக்குத் தூரம். எண்டாலும் தேர்த்திருவிழாவுக்கு ஒருக்கால் வாங்கோ. 2002-இலை குடமுழுக்குக் கண்ட பெரிய கோயில்.

சுவாபியத்_தட்டு

ஸ்டுட்கார்ட் சுவாபியப் பகுதி. அந்த ஊர்ச் சாப்பாட்டுல எது எங்கே ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

உருளைக்கிழங்கு சாலட்: தெற்கே ஜெர்மனியில இதை மயோனைஸ் இல்லாம, சூடான மாட்டிறைச்சிச் சாறு ஊத்தித்தான் ஊற வைப்பாங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. வடக்கே போனா சாறு இருக்காது, ஆனா மயோனைஸ் வரும், அதாவது முட்டை. ஆக ரெண்டு பக்கமும் கேட்டுத்தான் ஆகணும்.

கேஸெஷ்பெட்ஸ்லே (பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸ்) சைவப் பட்டியல்ல முதல்ல நிக்கும். மாவிலேயே முட்டை இருக்கு, விட்டுடுங்க. மௌல்டாஷன் (உள்ளீடு வெச்ச பாஸ்தா) காய்கறி வகையிலும் உறையில முட்டை. பருப்பு சூப்னு சொன்னா உள்ளே சாசேஜ் மிதக்கும், சாசேஜை எடுத்துட்டுத் தந்தாலும் வேக வெச்சது ஸ்பெக்கோடதான். சிவப்பு முட்டைக்கோஸ் பொரியல் மாதிரி வர்ற ரோட்கோலை ஷ்மால்ட்ஸ்ல வதக்குறது உண்டு. வறுத்த உருளைக்கிழங்குல ஸ்பெக் துண்டு போடுறது இயல்பு. ப்ரெட்சல்ல (முடிச்சுப் போட்ட ரொட்டி) சில சுவாபிய பேக்கரிகள் மாவுல பன்றிக் கொழுப்பு சேர்க்கும், சில இடத்துல வெண்ணெய் அல்லது தாவர எண்ணெய். பேக்கரியில ஒவ்வாமை விவரம் இருக்கும், கேட்டா காட்டுவாங்க. ஆனா மேலே சொன்ன காரணத்தால ஷ்மால்ட்ஸ் அந்தப் பட்டியல்ல இருக்காது. அதைத் தனியாக் கேளுங்க.

துருக்கிக் கடை ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை) நல்ல சாப்பாடு. அதே எண்ணெயில கோழி பொரிக்கிறாங்களான்னும், வெள்ளைச் சாஸ் தயிரா மயோனைஸான்னும் பாருங்க. இந்திய உணவகத்துலயும் நான் மாவுல முட்டை சேர்க்கிற இடம் உண்டு, தந்தூரி ரொட்டிதான் பாதுகாப்பு.

"நான் சைவம்"னு சொல்றதைவிட இப்படிக் கேளுங்க: "இஷ் எஸ்ஸே கைன் ஃப்ளைஷ், கைனன் ஃபிஷ், கைனே ஐயர். மில்ஷ் இஸ்ட் ஓக்கே." சூப்னா கூடவே: "இஸ்ட் டா ஃப்ளைஷ்ப்ரூயே ட்ரின்?" அதாவது இறைச்சிச்சாறு இருக்கான்னு. கேட்டா யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.

பல்கலைக்கழக மென்சாவில் (மாணவர் உணவகம்) தினசரிப் பட்டியல்ல ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்துல எழுத்து, எண் குறிகள் இருக்கும். குறி இடத்துக்கு இடம் மாறும், விளக்கத்தை ஒரு தடவை படம் எடுத்து வெச்சுக்குங்க.

நெக்கர்க்கரை_புதுசு

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ரூர் அண்ணா, மாசி விஷயம் யாரும் சொல்லவே இல்லை. இன்னும் ரெண்டு சந்தேகம்: அந்தக் குளிர்ல இட்லி மாவு பொங்குமா? தயிர், பனீர், சப்பாத்தி மாவுக்கு எதை வாங்கணும்?

மாவாட்டும்_கை

பொங்கும், இடம்தான் முக்கியம். வீட்டுக்குள்ளே 19, 20 டிகிரிதான் இருக்கும். ஹீட்டர் மேல வைக்கிறது நல்ல யோசனை மாதிரி தெரியும், ஆனா பல கட்டடங்கள்ல இரவுல சூட்டைத் தானாகக் குறைச்சுடுவாங்க. மாவுக்குச் சூடு வேணும்கிற நேரத்துலதான் ஹீட்டர் சில்லுன்னு கிடக்கும். பகல்ல சூடு ஏறினா அடிப்பக்கம் மட்டும் புளிச்சு மேலே அப்படியே நிக்கும்.

ஓவனை மூட்டாம விளக்கை மட்டும் எரிய விட்டு உள்ளே வைங்க. 12 முதல் 16 மணி நேரம். சில ஓவன்ல விளக்கு தனியா எரியாது. அப்ப ஒரு பாத்திரம் கொதிக்கிற தண்ணியைக் கீழ்த்தட்டுல வெச்சுக் கதவை மூடுங்க, தூங்கப் போகுமுன் தண்ணியை ஒரு தடவை மாத்துங்க. பாத்திரத்துல பாதிக்கு மேல மாவு இருக்கக் கூடாது, அடியில ஒரு தட்டு வைங்க. பொதுச் சமையலறைங்கிறதால ஓவன் கதவுல "உள்ளே மாவு, மூட்டாதீங்க"ன்னு சீட்டு ஒட்டியே ஆகணும்.

மிக்ஸியில அரைச்சா 4-க்கு 1 போதாது. 3 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். மிக்ஸியில உளுந்து கிரைண்டர் அளவு உப்பாது, அதனாலதான் கூட்டுறோம். உளுந்தைத் தனியா, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு அரைங்க. உப்பைப் புளிக்க வைக்குமுன் போட்டுக் கையால கலக்குங்க.

தயிருக்கு 3.5 சதவீத 'நாட்டூர்யோகுர்ட்' (வெறும் தயிர்) எதுவும் உறைக்கு ஆகும். கொழுப்புக் குறைச்ச, பழச்சுவை வகைகள்ல ஜெலட்டின் சேர்க்கிறது உண்டு, பட்டியலைப் பாருங்க. பாலை 'ட்ராடிட்சியோனெல் ஹெர்கெஷ்டெல்ட்' (பழைய முறையில் தயாரிச்சது)னு போட்ட ஃப்ரிஷ்மில்ஷா, அதாவது குளிர்பெட்டிப் பாலா வாங்குங்க. காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு, 43 டிகிரி போல ஆறவிட்டு, லிட்டருக்கு ரெண்டு மேசைக்கரண்டி உறை. அதே ஓவன் விளக்கு, 8 மணி நேரம். குளிர்பெட்டிக்கு வெளியே அடுக்கியிருக்கிற ஹா-மில்ஷ் அதிக வெப்பத்துல பதப்படுத்தினது. அதுல தயிர் தளர்வாத்தான் உறையும். பனீருக்கு அது ஆகவே ஆகாது, திரியும் ஆனா கட்டி சேராது. ஃப்ரிஷ்மில்ஷ் ஒரு லிட்டருக்கு எலுமிச்சைச் சாறு 2 முதல் 3 மேசைக்கரண்டி, அடுப்பை அணைச்ச பிறகு விடுங்க. 130, 150 கிராம் பனீர் கிடைக்கும், லாப் கவலை இல்லை.

நெய்க்கு 250 கிராம் வெண்ணெயை உருக்கினா ஏறக்குறைய 200 கிராம் வரும். 'ஸாவர்ராம்புட்டர்' எடுத்தா மணம் நம்ம ஊர் நெய்க்குக் கிட்ட இருக்கும், அது நொதிக்க வெச்ச பாலேடு. கடையில விக்கிற 'புட்டர்ஷ்மால்ட்ஸ்' வெண்ணெய்தான், தாராளமா வாங்கலாம். புட்டர் இல்லாத வெறும் ஷ்மால்ட்ஸைத்தான் தொடக் கூடாது.

மாவுப் பாக்கெட்ல ஒரு எண் இருக்கும். 405 நம்ம மைதா. 550 பரோட்டாவுக்கு. சப்பாத்திக்கு 1050-ஓட முழுக்கோதுமை மாவை பாதிக்குப் பாதி கலந்து, அரை மணி நேரம் ஊற விடுங்க. வெறும் முழுமாவுல தேய்ச்சா ஓரம் வெடிக்கும், தவிடு பெருசா இருக்கும். உப்புமாவுக்கு 'ஹார்ட்வைட்சன்க்ரீஸ்' (கடினக் கோதுமை ரவை) வறுத்தா உதிரி உதிரியா வரும், 'வைஷ்வைட்சன்க்ரீஸ்' (மென் கோதுமை ரவை) குழையும், அது கேசரிக்கு. பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் மலிவு 'மில்ஷ்ரைஸ்' அரிசியே போதும்.

துவரம்பருப்பு, உளுந்து தமிழ்க் கடையில, இந்தியக் கடையில. மசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை துருக்கிக் கடையில.

பெட்டி_23கிலோ

பெட்டியில வைக்கக் கூடாதது முதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வர்ற பயணிகள் பால் பொருள் கொண்டு வரத் தடை. வீட்டு நெய், பால்கோவா, பால்பவுடர் எல்லாம் அதுல அடங்கும். பச்சைக் காய், பழம், இலைக்கு 2019 டிசம்பர் 14 முதல் தாவர நலச் சான்றிதழ் வேணும், அதனால கறிவேப்பிலைக் கொத்து வேண்டாம். விலக்கு உள்ளவை ஐந்தே: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன். வழியில வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டுல இறங்கினாலும் இதே விதிதான்.

அரிசி, பருப்புக்கு எடையைச் செலவு பண்ணாதீங்க. வீட்டுச் சாம்பார்ப்பொடி, ரசப்பொடி ஒவ்வொண்ணும் அரைக் கிலோ, இட்லி மிளகாய்ப்பொடி, மணத்தக்காளி, சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ, புளிக்காய்ச்சல். எண்ணெய்ப் பொருளை ரெண்டு உறையில கட்டி செக்-இன் பெட்டி நடுவுல வைங்க.

குக்கர் 3 லிட்டர், தூண்டல் (இண்டக்‌ஷன்) அடுப்புக்கான அடி உள்ள எவர்சில்வர். விடுதியில எந்த அடுப்புன்னு முன்கூட்டித் தெரியாது, அலுமினியம் தூண்டல் அடுப்புல சூடே ஆகாது. ஒரு காந்தம் அடியில ஒட்டினா சரி. கேஸ்கட் ரெண்டு உபரி. மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மிக்ஸிக்கு மின்மாற்றி தேவையில்லை, முனை பொருந்த அடாப்டர் மட்டும் போதும்.

தாளிக்கும்போது எண்ணெய் புகையுமுன் கடுகு போட்டு மூடி வைங்க, மிளகாய் கடைசியில. விடுதியில புகை உணர்வி கட்டட மணியோட இணைஞ்சிருந்தா தீயணைப்பு வண்டி வந்துடும், செலவு உங்க தலையில விழலாம்.

கடைசியா, நீங்க இறங்கற தேதியைப் பாருங்க. ஞாயிறு கடைகள் மூடல். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அன்னைக்கும் மூடல். ரயில் நிலையத்துக்குள்ளே இருக்கிற கடைகள் மாதிரி சிலது மட்டும் திறந்திருக்கும். ரெண்டு நாளைக்கான அவல், வறுத்த ரவை, புளிக்காய்ச்சல், கைப்பையில ஒரு டப்பா தேப்லாவோ (குஜராத்தி மசாலா ரொட்டி) சப்பாத்தியோ இருக்கட்டும். சப்பாத்தி பிசையும்போது பால், தயிர் சேர்க்காம எண்ணெய் மட்டும் விடுங்க.