டிக்கெட் போடும்போது எதைப் பாக்குதீங்க?

வடசேரிக்காரன்:
நம்ம மாவட்டத்துல விமான நிலையம் கிடையாது. நாகர்கோவில்ல இருந்து 70 கிலோமீட்டர் பக்கம் திருவனந்தபுரம். சென்னைக்குன்னா சிலர் தூத்துக்குடி வாகைக்குளம் போவாங்க. ரெண்டாயிரம் மிச்சம்னா கொச்சி வரைக்கும் ரயில் ஏறுற ஆளும் உண்டு. எங்க வீட்டுல விலை, லக்கேஜ் கிலோ, இறங்குற நேரம், இவ்வளவுதான் பேச்சு. அந்த விமானக் கம்பெனியில வேலை பாக்குறவங்க நிலைமையைப் பாத்து டிக்கெட் போட்டவங்க யாராவது உண்டா? கேக்கக் காரணம், எங்க மைனிக்க மக செக்-இன் கவுண்டர்ல நிக்கா. போட்டிருக்கது விமானக் கம்பெனி யூனிபார்ம், சம்பளம் தர்றது வேற ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. ஏச்சு வாங்கும்போது மட்டும் அவ விமானக் கம்பெனி ஆளு.

குளச்சல் கடலோடி:
லீவு முடிஞ்சு நான் மஸ்கட் திரும்புற அன்னைக்கு பிளைட் கேன்சல். விடியக்காலம். கவுண்டர்ல ஒரே ஒரு பிள்ளை, சுத்தி நூறு பேரு. மேனேஜர் உள்ள போனவரு வெளிய வரவே இல்ல. ஒருத்தன் பாஸ்போர்ட்டை அவ முன்னால விட்டெறிஞ்சான். முந்தின நாள் மத்தியானம் டூட்டிக்கு வந்தவளாம், மாத்த வேண்டிய ஆளு வரல. அந்த நிலையிலயும், நான் கேக்காமலே, பிளைட் கேன்சல்னு ஒரு கடிதம் அச்சடிச்சு சீல் வச்சுக் குடுத்தா. "அண்ணே, இதை அங்க காட்டுங்க, சம்பளம் பிடிக்க மாட்டாங்க"ன்னா. அப்படியே நடந்தது. அந்தக் கம்பெனியில பெறவு நான் டிக்கெட் எடுக்கல. அவளைத் தனியா நிறுத்திட்டு உள்ள போய் இருந்தாரே, அந்த மேனேஜரை நினைச்சுதான்.

தேங்காப்பட்டணம்:
நமக்கு கிலோதான் மக்கா. 30 கிலோ தருவானா, ஏறுவோம். ஏத்தங்கா சிப்ஸ், கருவாடு, அம்மை பொடிச்ச மொளவுப்பொடி எல்லாம் ஏறணும்லா.

மார்த்தாண்டம், முன்னாள் கேபின் குரூ (விமானத்துக்குள்ள பயணிகளைக் கவனிக்குற ஊழியர்):
பயணிகளுக்கு அதிகம் தெரியாத ஒண்ணு சொல்லுதேன். எங்க கம்பெனியில அடிப்படைச் சம்பளம் சின்னது. பறந்த மணிக்குத் தக்க அலவன்ஸ்தான் கையில நிக்கும். சக்கரத்துக்கு வச்ச கட்டையை எடுத்தா அந்த மணி ஓடத் தொடங்கும், திரும்பக் கட்டை வச்சா நின்னுரும். மழையில மூணு மணி நேரம் பிந்தி, நீங்க ஏசுறதைக் கேட்டுட்டு சிரிச்ச முகமா நிப்போமே, அதுக்குக் காசு கிடையாது. 2025 ஆகஸ்ட்டுல ஏர் கனடா குரூ பத்தாயிரம் பேருக்கு மேல வேலைநிறுத்தம் செஞ்சதுல முக்கியமான கோரிக்கை இதுதான், தரையில நிக்குற நேரத்துக்கும் கூலி.

டூட்டிப் பட்டியல்ல ஒரே நாள்ல நாலு செக்டர் (ஒரு தடவை ஏறி இறங்குறது ஒரு செக்டர்) வந்தா சாப்பாடுன்னு தனி நேரம் வராது. பின்பக்கம் திரையை இழுத்துவிட்டு நின்னுட்டே ரெண்டு வாய் வைப்போம், அதுக்குள்ள யாராவது மணி அடிச்சிருவாங்க. ஸ்டாண்ட்பைன்னா, அதாவது கூப்பிட்டா உடனே கிளம்ப வேண்டிய நாள்னா, போன் கையிலயே இருக்கணும், துணி துவைக்கக்கூட மனசு வராது. இப்போ பயணியா ஏறும்போது நான் ஒண்ணு கவனிப்பேன். முந்தின ஊர்ல ஆளு இறங்கினதும் சீட்டுக்குள்ள கிடக்குற குப்பையைப் பொறுக்குறது யாரு? பறந்து வந்த குரூவே கையுறை மாட்டிட்டு பொறுக்குறாங்கன்னா, அரை மணி நேரத்துல வண்டியைத் திருப்புறதுக்காக ஆளைப் பிழியுறாங்கன்னு அர்த்தம். விலை குறைஞ்ச கம்பெனிகள்ல இது சாதாரணம்.

தக்கலை வாத்தியார்:
இதை இரக்கப்படுற விஷயமா மட்டும் எடுக்காதீங்க, நம்ம காசும் இதுல கிடக்கு. 2012-ல கிங்ஃபிஷர் நின்னது, 2019 ஏப்ரல் 17-ல ஜெட் ஏர்வேஸ் நின்னது. ரெண்டுலயும் விமானம் நிக்கதுக்கு மாசக்கணக்கா முன்னாலயே ஊழியர் சம்பளம் நின்னாச்சு. பேப்பர்ல அது வந்துட்டே இருந்தது. அதைப் படிச்ச பெறவும் முன்கூட்டி டிக்கெட் எடுத்தவங்க பணத்துக்காக அலைஞ்சாங்க. சம்பளம் தாமதம்னு சேதி வந்தா, அந்தக் கம்பெனியில ரெண்டு மூணு மாசம் தள்ளி டிக்கெட் போடாதீங்க.

2024 மே மாசம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் குரூ ஒரே நேரத்துல உடம்பு சரியில்லன்னு லீவு போட்டாங்க, திருவனந்தபுரம், கொச்சி, கண்ணூர் எல்லாம் திணறிச்சு. 25 பேரை நீக்கி, தொழிலாளர் ஆணையர் முன்னால பேசின பெறவு திரும்ப எடுத்தாங்க. 2025 டிசம்பர்ல இண்டிகோ. பைலட்டுக்கு வார ஓய்வு 36 மணியில இருந்து 48 ஆச்சு, ராத்திரியில விமானத்தை இறக்குறது ஆறு தடவையில இருந்து ரெண்டு தடவையாச்சு. 2024 ஜனவரியிலயே அறிவிச்ச விதி. அதுக்குத் தக்க பைலட் இல்லாம பிளைட் ஆயிரக்கணக்குல கேன்சல். பைலட்டைத் தூங்க விடுன்னதும் ஓடாத கம்பெனி, அதுக்கு முன்னால எந்த லெச்சணத்துல ஓடிட்டு இருந்திருக்கும்?

இரணியல்:
வாத்தியாரே, எல்லாம் சரி. நம்மாளு போற ஊருக்கு நேரடி பிளைட் ஒண்ணோ ரெண்டோதான். கிறிஸ்துமஸ், ஓணம் நெருங்கினா விலை ஏறுற ஏத்தத்துல கிடைச்சதுல தொத்திட்டுப் போறோம். இதுல தேர்ந்தெடுக்க எங்க இருக்கு? சென்னை, பெங்களூர் போறவங்க வேணும்னா பாத்துப் போடலாம்.

வடசேரிக்காரன்:
இரணியல் சொன்னதை மறுக்க முடியல. மைனிக்க மகளிட்ட கேட்டதுல உபயோகமா ஒண்ணு கிடைச்சது. உள்நாட்டு பிளைட் 6 மணி நேரத்துக்கு மேல பிந்தும்னா வேற பிளைட்டோ முழுப்பணமோ, ரெண்டுல ஒண்ணை நாம கேக்கலாம், விதியிலயே உண்டு. குளச்சல் அண்ணனுக்குக் கிடைச்ச மாதிரி கடிதமும் கேளுங்க. தன்மையாக் கேட்டா உடனே அச்சடிச்சுத் தருவோம், ஏசுற ஆளுக்கும் தரத்தான் செய்வோம், ஆனா வரிசையில கடைசியாத்தான்னு அவ சொல்லுதா.

எனக்குப் பொங்கலுக்கு தூத்துக்குடி–சென்னை போடணும். போன வாரம் அதுல போனவங்க, எவ்வளவு பிந்திச்சுன்னு சொல்லுங்க.