பைபாப் டப்பாவுக்கு முற்றத்து மழைத்தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி – கானாடுகாத்தான் மகள்

வணக்கம். எங்கள் அப்பச்சிக்கு 74 வயது, சி.ஓ.பி.டி. (மூச்சு விடச் சிரமப்படுத்தும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இருக்கிறது. எட்டு மாதமாக ராத்திரியில் பைபாப் (மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று தரும் மெஷின்), பகலில் மூச்சு வாங்கும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர். இதற்குள் இரண்டு தடவை நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலோடு மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டாம் தடவை டாக்டர் முதலில் கேட்டதே, "ஹியூமிடிஃபையர்ல என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்றுதான் (மெஷினில் காற்றை ஈரமாக்கும் தண்ணீர் டப்பாதான் அது).

போர் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். டப்பாவின் அடியில் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெள்ளையாகப் படிந்துவிட்டது. ஆத்தா, "வானத்துத் தண்ணியைவிடச் சுத்தம் எது? ஐப்பசியில முற்றத்துல பிடிச்சது அண்டா நிறைய இருக்கே" என்றார்கள். அதை ஊற்ற ஆரம்பித்ததும் படிவு நின்றது. ஆனால் நேற்று டப்பாவுக்குள் விரலை விட்டால் ஊரணிப் படிக்கட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. அப்போதிருந்து மனசு சரியில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் – ஓய்வுபெற்ற நர்ஸ், தேவகோட்டை

தங்கச்சி, முதலில் அந்த டப்பாவைக் கழுவிவிட்டு வந்து படியுங்கள். நெஞ்சக நோய் வார்டில் 22 வருடம் வேலை பார்த்தவள் நான். அந்த வழவழப்பு கிருமிகள் கட்டிக்கொள்ளும் கூடு, பயோஃபிலிம் என்பார்கள். சும்மா அலசினால் போகாது. சோப்புத் தண்ணீர் விட்டு மூலைமுடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும். டப்பாவில் தண்ணீர் கொதிப்பதில்லை, வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு அந்தச் சூடு ரொம்பச் சௌகரியம்.

ஆத்தா சொன்னதில் பாதி சரி. மழைத்தண்ணீரில் உப்பு இல்லாததால் படிவு வராது. ஆனால் அது ஓட்டில் விழுந்து, புறா எச்சத்தையும் சருகையும் கழுவிக்கொண்டு வந்து, மாதக்கணக்கில் அண்டாவில் நின்ற தண்ணீர். ஏற்கெனவே பழுதுபட்ட நுரையீரலுக்கு அது ஆகாது. 2021-இல் கறுப்புப் பூஞ்சை பரவியபோது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) கொடுத்த அறிவுரையிலும் ஆக்சிஜன் ஹியூமிடிஃபையருக்குச் சுத்தமான, கிருமி நீக்கிய தண்ணீர் என்றே சொல்லியிருந்தார்கள்.

மருந்துக்கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள். பேட்டரிக்கென்று சில்லறையில் விற்பது வேண்டாம், சலைனும் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறையும், ஆனால் அது கிருமி நீக்கிய தண்ணீர் ஆகாது. ஒரு ராத்திரி எதுவும் கிடைக்காவிட்டால் கொதிக்க வைத்து ஆறியதை ஊற்றலாம். காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டு டப்பாவைத் திறந்து காய விடுங்கள். மிச்சத்தின் மேலேயே ஊற்றி நிரப்புவதுதான் வார்டில் நான் அதிகம் பார்த்த தப்பு. வாரம் ஒரு தடவை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து அரை மணி நேரம் ஊற வைத்து நன்றாக அலசுங்கள். டெட்டால், பிளீச்சிங் பக்கம் போகவே வேண்டாம், அந்த நெடியை ராத்திரி முழுக்க அப்பச்சி இழுப்பார்.

நெபுலைசர் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அந்த மருந்துக் கிண்ணத்தில் இன்னும் கவனம் தேவை. பைபாப் டப்பாவிலிருந்து பெரும்பாலும் ஆவிதான் போகும். நெபுலைசரில் தண்ணீரே பொடித்துளியாக நேரே உள்ளே இறங்கும். ஒவ்வொரு தடவையும் கழுவிக் காய வையுங்கள்.

சளி பச்சையாக மாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வழக்கத்தைவிட அதிகம் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழம்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பதில் – புதுவயல்காரர்

நான் நாலு வருடமாக சிபாப் (தூங்கும்போது ஒரே அழுத்தத்தில் காற்று தரும் மெஷின்) போடுகிறேன். வீட்டுப் பக்கத்திலேயே ரைஸ் மில், உமித்தூசிக்குக் கேட்கவா வேண்டும்! மெல்லிய வெள்ளை ஃபில்டரைக் கழுவக் கூடாது. சாம்பல் நிறமானதும் மாற்றிவிடுகிறேன். கான்சென்ட்ரேட்டரில் ஸ்பாஞ்சு ஃபில்டர் இருந்தால் வாரம் ஒருமுறை கழுவி, முழுசாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

மாஸ்க்கைத் தினமும் கழுவுகிறேன், குழாயை ஞாயிற்றுக்கிழமை. குழாயை இரண்டாங்கட்டு நிழலில் கொடியில் நீளமாகத் தொங்க விடுவேன். வெயிலில் போட்டால் குழாய் கெட்டுவிடும். மெஷினைச் சுத்தம் செய்ய ஓசோன் பெட்டி வாங்கச் சொல்லி ஒருவர் வந்தார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இந்த ஓசோன், புற ஊதாக்கதிர்ப் பெட்டிகளைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-லேயே எச்சரித்திருக்கிறது.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவீர்கள் இல்லையா? அப்பச்சி இருக்கும் அறைக்கு அந்தப் புகை வேண்டாம். ஆக்சிஜன் ஓடும்போது சாமி விளக்கும் அந்தப் பக்கம் எரியக் கூடாது.

கேள்வி கேட்டவர்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை குழாயைக் கழற்றி முற்றத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெட்டகத்துக்குப் பின்னால் வளைந்து கிடந்த இடத்தில் கால் டம்ளர் தண்ணீர் தேங்கி, கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. புதுக் குழாய்க்கும் ஃபில்டருக்கும் சொல்லிவிட்டோம். டிஸ்டில்டு வாட்டர் நாலு பாட்டில் காரைக்குடியிலிருந்து வருகிறது. ஆத்தாவுக்கு உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். "சரி, அண்டாத் தண்ணி பருப்பு வேக வைக்கிறதுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள்.