சிட்டையில் எங்கே இருக்கிறது?

காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையின் பில்லிங் சர்வர் என் பொறுப்பு. அதில் இருந்த சென்டோஸ் 7 என்ற லினக்ஸுக்கு அப்டேட் வர 2024 ஜூன் 30 கடைசி நாள் என்பதால் முன்கூட்டியே அல்மாலினக்ஸ் 9-க்கு மாற்றிவிட்டேன். இரண்டுமே ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸை ஒட்டி உருவானவை. அந்தக் கடைசி நாளுக்கு மறுநாள், ஜூலை 1-ஆம் தேதி, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் பெரிய பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி.

அப்டேட் வந்ததும் போட்டாயிற்று. ஆனால் சோதிக்க வந்தவர் 8.7 என்ற பதிப்பு எண்ணைப் பார்த்து, ஓட்டை உள்ளது என்றே எழுதிவிட்டார். இந்த வகை லினக்ஸில் பழைய பதிப்பின் மேலேயே திருத்தத்தை ஒட்டுவார்கள், 8.7 என்ற எண் மாறாது. முதலாளிக்கு இதை எப்படிச் சொல்வது? எழுபது வயது, இன்றும் அன்றாட வரவு செலவைக் கையால் சிட்டையில் எழுதுபவர்.

"பேரேட்டுல நிக்கிற தொகை இருக்கட்டும் தம்பி. அன்னைக்கு வரவு வச்சது சிட்டையில எங்க இருக்கு, அதக் காட்டு" என்றார்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் அல்மாவின் கிட் களஞ்சியத்தைத் திறந்தேன். அந்தத் திருத்தம் தனி பேட்ச் கோப்பாக இருந்தது. கூட்டல் குறி போட்டது புது வரி, கழித்தல் குறி போட்டது எடுத்த வரி என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார். "சரி, அடைச்சாச்சு."

அப்புறம்தான் எனக்கே உறைத்தது. பழைய சென்டோஸ் களஞ்சியத்தில் ஒவ்வொரு அப்டேட்டும் 'இம்போர்ட்' என்ற ஒரே பதிவாக (கமிட்) வந்து விழும். என்ன மாறியது என்று தெரியும், ஏன் என்பது அந்தப் பதிவில் இருக்காது. 2023 ஜூனில் ரெட் ஹேட் அந்த வழியையும் நிறுத்தி, தன் லினக்ஸின் மூலநிரலை, அடுத்த பதிப்புக்கான முன்னோட்டமான சென்டோஸ் ஸ்ட்ரீமில் மட்டும் பொதுவில் வைப்பதாக அறிவித்தது. அல்மாவைப் போல அந்த மூலநிரலை எடுத்து மறுகட்டுமானம் செய்பவர்கள் தங்கள் கையால் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகப் பதிந்தே ஆக வேண்டும் என்று அதனால்தான் பிடிவாதமாகச் சொல்கிறேன். 2024 ஜூலை 8-ஆம் தேதி வெளியான அடுத்த ஓட்டையைப் பாருங்கள். அது மூல ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் இல்லை, ரெட் ஹேட் சேர்த்த, நடப்பதைப் பதிவு செய்யும் ஆடிட் பேட்சால் வந்தது. பேட்ச் தனிக் கோப்பாக இருந்ததால் வெளியாள் ஒருவர் படித்துக் கண்டுபிடிக்க முடிந்தது.

—

தேவகோட்டையிலிருந்து ஒருவர் எழுதியது: அண்ணே, கிட்டோடு நிறுத்திவிடாதீர்கள். மூலநிரலை ஒரே கட்டாகக் கட்டி வெளியிடும் டார்பால் அங்கே இருக்காது, அதைச் சரிபார்க்கும் கைரேகை போன்ற ஹேஷ் மட்டும்தான் இருக்கும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் கள்ள வழி வைத்த விவகாரம் வெடித்தபோது, அதைக் கட்டும் வேலைக்கான, கள்ள வரிகள் கொண்ட எம்4 கோப்பு டார்பாலில் மட்டும்தான் இருந்தது, மூலக் களஞ்சியத்தில் இல்லை. அன்றிலிருந்து முக்கியமான தொகுப்பு என்றால் டார்பாலைப் பிரித்து, மூலக் களஞ்சியத்தின் அதே பதிப்போடு டிஃப் போட்டு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.