புதுப்பிப்பு: 2 ஏக்கர் புல்வெளிக்கு எந்த ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி)?

அமெரிக்க வீடுகளின் 2 ஏக்கர் புல்வெளிக்கு 54 அங்குல வெட்டு அகலமுள்ள ஜீரோ டர்ன் (நின்ற இடத்திலேயே திரும்பும் மோவர்) போதும் என்று இதே இழையில் முன்பு எழுதியிருந்தேன். அது சமதளத்துக்கு மட்டுமே பொருந்தும். சரிவு இருந்தால், ஸ்டியரிங்கால் முன்சக்கரங்களைத் திருப்பும் மோவரான லான் டிராக்டர்தான் நல்லது. ஜீரோ டர்னின் முன்சக்கரங்கள் தாமாகத் திரும்புபவை. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்களின் வேலை. ஈரப்புல்லில் அவை வழுக்கினால் வண்டி கைக்கு அடங்காது. டிராக்டரையும் சரிவில் மேலும் கீழுமாகவே ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். 15 டிகிரிக்கு மேல் இரண்டுமே ஆபத்து.

வாங்குமுன் வேலிக் கதவை அளந்துவிடுங்கள். 42 அங்குல மோவர் என்றால் அந்த அளவு வெட்டும் அகலம் மட்டுமே. புல் வெளியேறும் பக்கத் தகட்டோடு மொத்த அகலம் பெரும்பாலும் 50 அங்குலத்தைத் தாண்டும்.

வெட்டு மேடுபள்ளமாக வந்தால் முதலில் நான்கு டயர்களின் காற்றைப் பாருங்கள். பிறகு டெக்கின் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பகுதி) முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கால் அங்குலம் வரை தாழ்ந்திருக்கட்டும்.