ஆர்எக்ஸ் ஜே1713 வரைபடத்தில் எச்சத்தைச் சுற்றி நீல வளையம் வருகிறது, உதவி தேவை

வானோடி:
வணக்கம். நமீபியாவின் ஹெஸ் காமா கதிர்த் தொலைநோக்கிகளிலிருந்து 2018-இல் பொதுவில் வெளியான சோதனைத் தரவைக் காமாபை என்ற பைதான் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கிறேன். நண்டு நெபுலா அழகாக வந்தது. அதே நிரலில் ஆயங்களை மட்டும் மாற்றி ஆர்எக்ஸ் ஜே1713.7-3946 என்ற சூப்பர்நோவா எச்சத்துக்கு ஓட்டினால் எச்சம் மங்கித் தெரிகிறது, சுற்றிலும் சிக்னிஃபிகன்ஸ் (பின்னணியைவிட சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்ற அளவு) மைனஸில் போய் நீல வளையமாக நிற்கிறது. வளையப் பின்னணி முறைதான், அதாவது ஒவ்வொரு பிக்சலையும் சுற்றிய வளையத்தில் பின்னணியை எண்ணிக் கழிப்பது: உள் ஆரம் 0.5 பாகை, அகலம் 0.3. மூலத்தைப் பின்னணிக் கணக்கிலிருந்து ஒதுக்கும் மாஸ்க் 0.3 பாகை ஆரமுள்ள வட்டம். தரவே கெட்டிருக்குமோ?

மின்துகள்:
தரவில் கோளாறு இல்லை. நண்டு நெபுலா இந்தத் தொலைநோக்கிகளுக்குக் கிட்டத்தட்ட ஒரு புள்ளி. இந்த எச்சத்தின் குறுக்களவோ சுமார் 1 பாகை, வானில் முழு நிலவைப் போல இரண்டு மடங்கு. உங்கள் மாஸ்க் அதன் நடுப்பகுதியை மட்டும் மறைக்கிறது. காமா கதிர் அதிகம் வரும் ஓட்டு விளிம்பு (எச்சத்தின் கூடு போன்ற புறப்பகுதி) வெளியே கிடக்கிறது.

காமா போலவே தோன்றும் புரோட்டான் மழைகள் (வளிமண்டலத்தில் புரோட்டான்கள் மோதி உண்டாகும் துகள் கூட்டங்கள்) எவ்வளவு வடிகட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும், அதைக் கழிக்கத்தான் வளையம். எச்சத்துக்கு வெளியே உள்ள ஒரு பிக்சலின் வளையம் விளிம்பின் மேல் படும்போது அசல் காமா கதிர்களும் பின்னணிக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. கழித்தால் மைனஸ் வராமல் என்ன செய்யும்? மாஸ்க் ஆரத்தை 0.8 ஆக்குங்கள். அப்புறம், காமாபை மாஸ்க்கில் 'உண்மை' என்றால் அந்தப் பிக்சலைப் பயன்படுத்து என்று பொருள், ஒதுக்கு என்று அல்ல. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வானோடி:
மாஸ்க் திசை சரியாகத்தான் இருக்கிறது. 0.8 போட்டதும் நீலம் போய்விட்டது, நன்றி. ஆனால் எச்சத்தின் நட்டநடுவில் இப்போது ஒரு ஓட்டை, எண்ணே வரவில்லை. அதைச் சுற்றி ஒரே இரைச்சல்.

இருள்மேகம்:
எதிர்பார்த்ததுதான். நடுப் பிக்சலின் வளையம் 0.5-இலிருந்து 0.8 வரை, அதாவது முழுக்க மாஸ்க்குக்குள். பின்னணி எடுக்க ஒரு பிக்சல்கூட மிச்சமில்லை. கொஞ்சம் தள்ளினால் வளையத்தின் ஒரு சிறு துண்டு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும், அதனால்தான் இரைச்சல். தகவமை வளையத்துக்கு மாறுங்கள். போதுமான பின்னணி கிடைக்கும்வரை அதுவே ஆரத்தைக் கூட்டிக்கொள்ளும். ஆனால் வளையம் விரிய விரியக் கேமராவின் ஓரத்துக்குப் போகிறது, அங்கே ஏற்புத்திறன் (நிகழ்வுகளைப் பிடிக்கும் திறன்) குறைவு. அந்தக் குறைவைக் கணக்கிடும் பின்னணி மாதிரி சரியாக இல்லாவிட்டால் விடை சாயும். காலி வானத்தைப் பார்த்த பதிவுகளும் அதே தொகுப்பில் உள்ளன, மாதிரியை அவற்றிலிருந்து கட்டலாம்.

இன்னொரு விஷயம். நண்டு நெபுலாவுக்குப் பக்கத்தில் தொல்லை தர எதுவும் இல்லை. இங்கே நீங்கள் பால்வெளித் தளத்துக்குள் இருக்கிறீர்கள். வடக்கே 2 பாகைக்குள்ளேயே சிடிபி 37ஏ, 37பி என்ற இரண்டு சூப்பர்நோவா எச்சங்களும் காமா கதிர் விடுகின்றன. இவற்றுக்கும் மாஸ்க் போடாமல் தகவமை வளையத்தை நம்ப வேண்டாம். 2018-இல் வந்த ஹெஸ் பால்வெளித் தள ஆய்வில் 78 மூலங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன, இடங்களை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

மின்துகள்:
முடித்ததும் மாஸ்க்குக்கு வெளியே உள்ள பிக்சல்களின் சிக்னிஃபிகன்ஸை மட்டும் ஹிஸ்டோகிராம் போடுங்கள். சராசரி 0, அகலம் 1 வர வேண்டும். வலப்பக்கம் வால் நீண்டால் ஏதோ ஒரு மூலம் மாஸ்க்கிலிருந்து தப்பியிருக்கிறது. அகலம் 1-ஐ நன்றாகத் தாண்டினால் பின்னணி மாதிரியைச் சந்தேகப்படுங்கள்.

வானோடி:
சிடிபி இரண்டையும் மறைத்துத் தகவமை வளையம் போட்டேன். ஓட்டை அடைந்துவிட்டது, ஓட்டின் வடமேற்கு விளிம்பு பளிச்சென்று தெரிகிறது. சராசரி பூஜ்யத்தை ஒட்டி வருகிறது, அகலம் மட்டும் கொஞ்சம் கூடுதல். இன்று இரவு காலி வானப் பதிவுகளிலிருந்து மாதிரி கட்டிப் பார்க்கிறேன். நிறமாலைக்கும் இதே வளையம் போதுமா?

இருள்மேகம்:
வேண்டாம். வளையத்தின் ஏற்புத்திறன் ஆற்றலுக்கு ஆற்றல் மாறும், நிறமாலையின் சரிவு கெட்டுவிடும். பிரதிபலிப்புப் பகுதி முறைக்குப் போங்கள், அதாவது கேமராவின் நடுவிலிருந்து மூலம் இருக்கும் அதே தொலைவில், அதே அளவுள்ள பகுதிகளில் பின்னணி எடுப்பது. ஆனால் இவ்வளவு பெரிய மூலத்துக்கு ஒன்றிரண்டு பகுதிகள் கிடைத்தாலே அதிகம். தொலைநோக்கி எச்சத்துக்குள்ளேயே குறிவைத்த பதிவுகளை விட்டுவிடுங்கள்.