ஆர்க்கியாலஜி சைட்ல நாள் ரேட்டுக்கு இன்வாய்ஸ் போடச் சொல்றாங்க, இது சுயதொழிலா?

குழிவேலை_மாணவி
எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல ஆர்க்கியாலஜி எம்ஏ முடிச்சிட்டு 2 வருஷ கிராஜுவேட் விசாவுல இருக்கேன். ஒரு கம்பெனியில (பேரு வேண்டாம்) சைட் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, வீடு கட்டப்போற நிலத்துல முன்னாடியே தோண்டிப் பாக்குற வேலை, 7 மாசமாவது ஓடும்னு சொல்றாங்க. ஒரு நாளைக்கு 120 பவுண்ட். ஆனா பேரோல்ல, அதாவது சம்பள ஆளா, போட மாட்டாங்களாம், நான் சுயதொழில்னு பதிவு பண்ணிட்டு மாசாமாசம் இன்வாய்ஸ் அனுப்பணுமாம். காலைல 7.30க்கு அவங்க வேன்ல ஏறணும், எந்த ட்ரெஞ்ச்ல (தோண்டுற குழி) இறங்கணும்னு அவங்க சூப்பர்வைசர் சொல்லுவாரு, லீவு வேணும்னா கேட்டுத்தான் எடுக்கணும், எடுத்தா காசு கிடையாது, மழையில வேலை நின்னாலும் கிடையாது. இந்த ஃபீல்டுல எல்லாரும் இப்படித்தான்னு சொல்லிட்டாங்க. நிஜமாவா? பேரோல்ல இதே வேலைக்கு வருஷம் 26,000 கிட்ட வருது, அதனால 120ன்னதும் ஆசையாவும் இருக்கு.

கான்டெக்ஸ்ட்_ஷீட்
எல்லாரும் இப்படித்தான்ங்கிறது பொய்ம்மா. 11 வருஷமா இங்க சைட்ல முட்டி போட்டு மண்ணு சுரண்டுறேன், அதுல முதல் ஒன்றரை வருஷம் உங்கள மாதிரியே இன்வாய்ஸ்லதான் ஓடுச்சு, அப்போ எனக்கும் ரேட்டு பெருசாத்தான் தெரிஞ்சுது. கணக்குப் போட்டுப் பாருங்க. வருஷத்துல திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் 260 நாள். பேரோல்ல இருந்தா அதுல 28 நாள் சம்பளத்தோட லீவு, நாளைக்கு 100 பவுண்ட்னாலும் 260 நாளுக்கும் சேத்து 26,000, பென்ஷன்ல முதலாளி போடுற 3 சதவீதம் ஒரு 590 பவுண்ட் வரும். உங்க இன்வாய்ஸ் கணக்குல அந்த 28 நாளக் கழிச்சா 232 நாள், 27,840. மழை, காய்ச்சல், ஒரு சைட் முடிஞ்சு அடுத்தது தொடங்குற வரைக்கும் இடைவெளி, எல்லாம் சேத்து வெறும் 10 நாள் போச்சுன்னா 26,640. ரெண்டும் சமமாயிடுச்சா? இதுக்கு மேல இன்சூரன்ஸ், கணக்காளர் ஃபீஸ், பூட்ஸ் எல்லாம் உங்க கைக்காசு. எனக்கு ரெண்டாவது குளிர்காலத்துல முதுகு புடிச்சுக்கிட்டு 5 வாரம் படுத்துட்டேன், 5 வாரமும் ஒரு பென்னி வரல, ரூம் வாடகைக்கு ஃப்ரெண்டுகிட்ட கடன் வாங்கினேன். அந்த சைட்ல நான் தோண்டின கிணத்தப் பத்தி ரிப்போர்ட் வந்துச்சு, அதுல என் பேரு ஒரு துணை ஒப்பந்ததாரர்னு கூட இல்ல.

பானையோடு
கொஞ்சம் பொறுங்க. சுயதொழில்னாலே சுரண்டல்ங்கிற மாதிரி பேச்சு போகுது, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நான் ரோமன் காலத்துப் பானை பாக்குறவ, 9 வருஷமா ஃப்ரீலான்ஸ். ஆறு யூனிட்ல, அதாவது தோண்டுற கம்பெனிங்கள்ல, இருந்து பெட்டி பெட்டியா ஓடு வரும், என் வீட்டு மேஜையில என் மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாத்து, களிமண் வகை பிரிச்சு, எடை போட்டு, காலம் கணிச்சு ரிப்போர்ட் எழுதுறேன், ரிப்போர்ட்டுக்கு இவ்வளவுன்னு நான்தான் விலை சொல்றேன், ராத்திரி 11 மணிக்கு வேலை செஞ்சாலும் கேக்க ஆளில்ல, ரெண்டு குழந்தைங்கள வளத்தது இந்த ஏற்பாட்டுலதான். எலும்பு பாக்குறவங்க, வரைபடம் போடுறவங்கன்னு எத்தனையோ பேர் இப்படித்தான் இருக்காங்க. எல்லாரையும் எம்ப்ளாயி ஆக்குன்னு சட்டம் போட்டா ஒரு யூனிட்டும் எங்கள முழுநேரமா வச்சுக்காது, வருஷத்துக்கு எத்தனை சேமியன் கிண்ணம் (ரோமன் காலத்துச் சிவப்புப் பளபளப்புப் பானை) கிடைக்கும் ஒரு யூனிட்டுக்கு? சுயதொழில்ல நேஷனல் இன்சூரன்ஸும் (அரசுக்குக் கட்டுற சமூகக் காப்பீடு) 6 சதவீதம்தான், சம்பளக்காரங்களுக்கு 8, செலவையும் கழிச்சுக்கலாம், அதையும் சொல்லணும்ல.

கான்டெக்ஸ்ட்_ஷீட்
அக்கா, உங்க வேலையில யாரும் கை வைக்கல. நீங்க விலை சொல்றீங்க, அந்தப் பொண்ணுக்கு விலை சொல்றாங்க. ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சதுதான் பிரச்சனையே.

சின்ன_யூனிட்
நான் 4 பேர் வச்சு ஒரு சின்ன யூனிட் நடத்துறேன், முதலாளி பக்கமும் ஒருத்தர் பேசணும்ல. 1990ல பிபிஜி 16ன்னு திட்ட வழிகாட்டி வந்ததுல இருந்து இங்க தோண்டுற செலவு பில்டர் தலையில, அவர் நாலு யூனிட்ல கொட்டேஷன் வாங்கி குறைஞ்சதுக்குக் குடுப்பாரு. எனக்கு வர்றதுல பாதி ரெண்டு நாள் வாட்சிங் ப்ரீஃப், அதாவது ஜேசிபி மேல்மண் எடுக்கும்போது பக்கத்துல நின்னு பாக்குறது. ஒரு மாசம் ஆறு பேர் வேணும், அடுத்த மாசம் ஒருத்தருக்கே வேலை இல்ல, பில்டருக்கு லோன் நின்னா சைட்டும் நின்னுடும். எல்லாரையும் பேரோல்ல வச்சா மூணாவது மாசம் கடைய மூடணும். எங்கிட்ட நாள் ரேட்டுக்கு வர்ற பசங்கள்ல பாதிப் பேரு அவங்களாதான் இன்வாய்ஸ் கேக்குறாங்க, வாரம் மூணு நாள் எங்கிட்ட, மிச்சம் வேற எடத்துல. அவங்க இஷ்டம் அது, அதையும் நீங்க மதிக்கணும்.

கணக்குப்_பேனா
தங்கச்சி, நான் லண்டனில 18 வருசமா கணக்கு வேலை செய்யிறன், சட்டப் பக்கத்தைச் சொல்லுறன். இங்க எம்ப்ளாயி, வொர்க்கர், சுயதொழில் எண்டு மூண்டு வகை இருக்கு. நிறையப் பேர் நடுவில இருக்கிற வொர்க்கரை மறந்துபோயிடுவினம். வொர்க்கருக்கே 5.6 கிழமை சம்பள லீவும் குறைந்தபட்சச் சம்பளமும் உண்டு. எந்த வகை எண்டதை கான்ட்ராக்டில எழுதின பேர் தீர்மானிக்காது, வேலை நடக்கிற விதம்தான் தீர்மானிக்கும். 2011இல ஆட்டோகிளென்ஸ் வழக்கில கார் கழுவுற ஆக்களின்ர கான்ட்ராக்டில நீங்கள் சுயதொழில், உங்களுக்குப் பதிலா வேற ஆளை அனுப்பலாம் எண்டெல்லாம் எழுதிக் கிடந்தது, உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி வச்சுப்போட்டு உண்மையில என்ன நடந்தது எண்டு பாத்தது. 2018இல பிம்லிகோ பிளம்பர்ஸ், 2021இல ஊபர், ரெண்டிலயும் வேலை செய்தவைதான் வெண்டவை. இப்ப உங்கட கதையைப் பாருங்கோ: நேரம் அவையின்ர, வேன் அவையின்ர, எந்தக் குழியில இறங்கிறது எண்டதும் அவையின்ர முடிவு. நாளைக்கு உங்களுக்குச் சுகமில்லை எண்டால் உங்கட சிநேகிதியை அனுப்ப விடுவினமோ? கையில இருக்கிற ட்ரவல், மண் சுரண்டிற கரண்டி, உங்கட சொந்தமா இருக்கலாம், அதை மட்டும் வச்சு நீங்கள் ஒரு கம்பெனி ஆகமாட்டியள்.

பின்ன சின்ன யூனிட் அண்ணைக்கு ஒரு சொல். வேலை குறுகிய காலம் எண்டதும் சுயதொழில் எண்டதும் ஒண்டில்லை. 7 மாசத்துக்கு ஃபிக்ஸட் டெர்ம் கான்ட்ராக்ட் குடுக்கலாம், வேலை முடிய கான்ட்ராக்டும் முடியும், அதுவரைக்கும் பிள்ளைக்கு லீவும் பென்ஷனும் இருக்கும். 2025 ஏப்ரலில இருந்து முதலாளி கட்டுற நேஷனல் இன்சூரன்ஸ் 15 சதவீதம், 5,000 பவுண்டுக்கு மேல எண்டால் 26,000 சம்பளத்துக்கு 3,150 வரும், பாரம்தான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா சின்ன நிறுவனங்களுக்கு வருசம் 10,500 வரைக்கும் அதில தள்ளுபடி இருக்கு. நீங்கள் எடுக்கிறியளோ?

சின்ன_யூனிட்
எடுக்குறேன், என் 4 பேருக்கே அது கிட்டத்தட்ட தீந்துடும். சரி, நேராவே சொல்றேன். நான் பேரோல் செலவையும் சேத்து கொட்டேஷன் போட்டா பக்கத்து ஊர்க்காரன் இன்வாய்ஸ் ஆளுங்கள வச்சு குறைவாப் போட்டு வேலைய எடுத்துட்டுப் போயிடுறான், போன வருஷம் ரெண்டு வேலை அப்படித்தான் போச்சு. கவுன்ட்டியில, அதாவது மாவட்ட நிர்வாகத்துல, எங்க திட்டத்தப் பாத்து ஒப்புதல் குடுக்குற ஆர்க்கியாலஜிஸ்ட் எத்தனை சதவீதம் தோண்டுறோம், மாதிரி எப்படி எடுக்குறோம்னு வரிவரியாக் கேப்பாங்க, தோண்டுற ஆளுக்கு லீவு இருக்கான்னு கேக்கவே மாட்டாங்க. எல்லாரும் பேரோல்தான்னு ஆகட்டும், மறுநாளே நானும் போடுறேன். நான் மட்டும் முதல்ல போட்டா செத்துடுவேன்.

கான்டெக்ஸ்ட்_ஷீட்
இது நியாயமான பேச்சு, இத நான் மறுக்கல. ஆனா நீங்க சொல்றது என்னன்னா விலைப் போட்டியோட பாரத்த அந்தப் பொண்ணு சுமக்கணும்னு. பில்டருக்கு ஒரு ட்ரெஞ்ச்சுக்கு ஆகுற உண்மையான செலவு தெரியாமலே போகுது, ஏன்னா அதுல ஒரு பங்கு எங்க முதுகுலயும் முட்டியிலயும் இருக்கு. 2019ல யூஸ்டன் பக்கத்துல எச்எஸ்2 ரயில் வேலையில ஆஸ்திரேலியாவக் கப்பல்ல சுத்தி வந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸோட சவப்பெட்டி ஈயத் தகடு கிடைச்சப்ப எங்க பாத்தாலும் அதே செய்தி, மக்கள் இந்த வேலைய எவ்வளவு மதிக்கிறாங்கன்னு அன்னைக்குப் பாத்தேன். குழிக்குள்ள இறங்குற ஆளையும் அதே மாதிரி மதிக்கணும். ப்ராஸ்பெக்ட் யூனியன்ல ஆர்க்கியாலஜிக்காரங்களுக்குன்னே கிளை இருக்கு, சேருங்க, இன்வாய்ஸ் ஆளா இருந்தாலும் போய் கேளுங்க.

பானையோடு
நான் முதல்ல எழுதினத மறுபடி படிச்சேன். எனக்குப் பதிலா ஆள் அனுப்புறது நிஜமாவே நடந்திருக்கு, ஆபரேஷன் ஆனப்ப 12 பெட்டிய இன்னொரு பானைக்காரிகிட்ட குடுத்தேன், யூனிட்ல ஒண்ணும் சொல்லல. மாணவி சொல்றது அந்த வகை இல்லதான், ஒத்துக்குறேன். ஆனா என் பயமும் காரணமில்லாம இல்ல. லிமிடெட் கம்பெனி வச்சு வேலை செய்றவங்களுக்கு 2021ல வரி விதி மாறினதும் சில பெரிய யூனிட்டுங்க யாரு என்னன்னு பாக்காம ஃப்ரீலான்ஸே வேண்டாம்னுட்டாங்க, அதுல எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் ஃபீல்டையே விட்டுட்டாங்க. விதி கேக்குறவங்க எங்களையும் மனசுல வச்சுக் கேளுங்க.

கணக்குப்_பேனா
அது உண்மைதான் அக்கா. அதாலதான் ஆளாளுக்குத் தனித்தனியா பாக்கவேணும் எண்டு சொல்லுறன். தங்கச்சி, இன்னொண்டு, உங்கட விசாவில சுயதொழில் செய்யலாம், பிரச்சனை இல்லை, ஆனா ஸ்டூடண்ட் விசாவில இருக்கிற ஆரும் இதை வாசிச்சால் அவைக்கு அது அறவே கூடாது. உங்கட 2 வருசம் முடிய ஸ்கில்ட் வொர்க்கர் விசாவுக்கு மாறவேணும் எண்டால் ஸ்பான்சர் பண்ண ஒரு முதலாளி வேணும். இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டே இருந்தால் அந்த முதலாளி எங்கயிருந்து வருவார்?

குழிவேலை_மாணவி
இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தோணவே இல்ல, ரொம்ப நன்றி அண்ணா. நேத்து அவங்களுக்கு மெயில் போட்டேன், 7 மாச ஃபிக்ஸட் டெர்ம் குடுங்க, நாளைக்கு 100 ஆனாலும் பரவால்லன்னு. திங்கக்கிழமை பேசலாம்னு மட்டும் பதில் வந்துச்சு. வேற ரெண்டு யூனிட்டுக்கும் அப்ளை பண்ணிட்டேன். திங்கக்கிழமை முடியாதுன்னு சொல்லி, வேற எங்கயும் கிடைக்கலன்னா, வாடகைக்காக ஒரு ரெண்டு மாசம் போக வேண்டி வரலாம். அப்படிப் போனா என்ன பண்ணணும்?

கான்டெக்ஸ்ட்_ஷீட்
போனா தினமும் எழுதி வைங்க. வேன் எத்தனை மணிக்கு வந்துச்சு, யாரு எந்த ட்ரெஞ்ச்ல இறங்கச் சொன்னா, லீவு கேட்டு அனுப்பின மெசேஜ், எல்லாத்தையும். கான்டெக்ஸ்ட் ஷீட் (தோண்டுற ஒவ்வொரு மண் அடுக்குக்கும் நிரப்புற பதிவுத்தாள்) எழுதுற அதே ஒழுங்கோட எழுதுங்க, தேதி போட்டு.

சின்ன_யூனிட்
உங்க ஊர் எந்தப் பக்கம்னு தனிச் செய்தியில சொல்லுங்கம்மா. அடுத்த மாசம் எங்களுக்கு ஒரு 10 வார வேலை இருக்கு, பேரோல்ல போட முடியுமான்னு என் கணக்காளர்கிட்ட இன்னைக்கே கேக்குறேன்.